ஒன்பது டெஸ்லா வரை

இரவு இரண்டேகாலுக்கு முபீனாவின் செய்தி:
"ஹீலியம் இன்னும் ஆறு மணி நேரம் தாங்கும்.
உன் படிகம் உயிரோடிருக்கிறது."
பாம்பன் வடக்குக் கரை.
ஒரு கோடு சிக்னலுக்காக
ஹில்டா வீட்டு மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்கிறேன்.

படிகம் என்றால் பெரிதாய் நினைக்க வேண்டாம்,
நெத்திலி முள்ளளவு.
டங்ஸ்டனும் டெல்லூரியமும்
உலையில் மூன்று வாரம் கிடந்து கூடியது.
அதன் முதுகில் நான்கு தங்கக் கம்பிகள்
வெள்ளிப் பசையில் ஒட்டி;
தும்மினால் பிய்ந்துவிடும்.
இரண்டில் மின்சாரம் போய் வரும்.
மற்ற இரண்டு வேவு பார்க்கும்.

முழு உலோகமில்லை அது. அரைகுறை.
எலெக்ட்ரான் கொஞ்சம், துளை கொஞ்சம்.
துளை என்பது எலெக்ட்ரான் இல்லாத இடம்,
ஆனால் நடக்கும், எடையுண்டு
என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
முடிந்தால் இந்தக் கரையைக் காட்டியிருப்பேன்.

தை மாதம் ரெமிஜியூஸ் மச்சானின் விசைப்படகு
கோடு தாண்டியதாகப் பிடிபட்டது.
படகும் ஐந்து பேரும் அக்கரையில்.
இங்கே நங்கூர வரிசையில் அது நின்ற இடம் காலி.
பக்கத்துப் படகு நகர்ந்து நிரப்பியது,
அதன் பழைய இடத்துக்கு அடுத்தது வந்தது.
படகுகள் ஒவ்வொன்றாய்க் கிழக்கே ஒதுங்க
காலியிடம் மேற்கே நடந்தது
ஐஸ் கம்பெனி தாண்டி
குருசடி தாண்டி.
இப்போது பாலத்தடிக்கு வந்துவிட்டது.
யாரும் அதைத் தள்ளவில்லை.

"புலத்தை ஏற்று" என்று தட்டினேன்.
ஒன்று.
இரண்டு.

இனி நடப்பது எனக்குத் தெரியும்.
குறுக்கே காந்தப்புலம் வந்து நின்றால்
கிழக்கே போவதும் மேற்கே போவதும்
ஒரே பக்கம் ஒதுக்கப்படும்.
எதிரெதிராய்ப் போவதால்தான் ஒரே பக்கம்.
ஒரு சாதி மட்டும் ஓடும் உலோகமென்றால்
ஒதுங்கியது ஓரத்தில் குவியும்,
குவிந்ததே திருப்பித் தள்ளி
ஓட்டத்தை நேராக்கும்.
இங்கே குவிய வழியில்லை.
வந்து சேர்ந்ததை
வராமற்போனது கழித்துவிடுகிறது.
ஓரத்தின் கணக்கு எப்போதும் சுழி.
நிமிர்த்த ஆளில்லை. வளைகின்றன.
புலம் இரண்டு மடங்கானால்
தடை நான்கு மடங்கு.

ஹில்டா தூங்கவில்லை.
ஏணியில் பாதி ஏறி நின்று
"எது வரைக்கும் ஏறும்?" என்றாள்.
முடிவு தெரியாது, எங்கள் காந்தம் ஒன்பது வரைதான்.
"நிக்கவே நிக்காதா?"
இரண்டும் சரிசமமாக இருக்கும்வரை நிற்காது.
ஒன்று கொஞ்சம் மிஞ்சினால் போதும், நின்றுவிடும்.
அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.
வாய்தாக்களாக இருக்கலாம்.
நான்காவது நேற்றுத்தான் தள்ளிப்போனது.
"நிக்காதுன்னு உங்க காந்தம் சொல்லுது,
அது ஒம்பதோட தீந்துபோற காந்தம்" என்றாள்.
இதைத்தான் என் வழிகாட்டி
இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

ஆறைத் தாண்டியதும் கோட்டில் சிற்றலை.
கண்ணுக்குத் தெரியாத பைகளின் அளவை
இந்த அலையை எண்ணித்தான் அறிகிறோம்.
எலெக்ட்ரான் பை, துளைப் பை.
ஏறக்குறையச் சமம்.
இந்த 'ஏறக்குறைய'வில்தான்
எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் வேலை.

ஒன்பது.
மூன்று லட்சம் சதவீதம் என்று எழுதி
முபீனா ஓர் ஆச்சரியக்குறி போட்டாள், பிறகு அழித்தாள்.
தாளின் விளிம்பு வந்ததால் கோடு முடிந்தது,
வேறு காரணமில்லை.

இறக்கு, மெதுவாக.
திரும்பிய கோடு போன கோட்டின் மேலேயே
மயிரிழை பிசகாமல் படுத்தது.
படிகத்துக்கு எதுவும் நினைவில்லை.

விடிந்தது. ஹில்டா வாளியோடு குழாயடிக்குப் போகிறாள்.
நீவாடு மாறி
நங்கூரக் கயிறுகள் எல்லாம்
ஒரே பக்கம் விறைத்துக் கிடக்கின்றன,
கயிறில்லாத இடமும்
அதே பக்கம்.